புல்வெளியைத் தாளில் காத்தவர்: டாக்டர் ஜார்ஜ் எங்கெல்மன்

வரப்போரத்திலும் வாய்க்காற்கரையிலும் தானே முளைத்துப் படரும் அம்மான் பச்சரிசியை நம் கிராமத்து மக்கள் நன்கு அறிவர். அதன் தண்டைக் கிள்ளினால் வெண்ணிறப் பால் வடியும். வேலியாக நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் அதற்கு உறவுடையவை. இவை யாவும் தாவரவியலார் யூஃபோர்பியா என்று வழங்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. வடஆப்பிரிக்காவில் மூரித்தானியா நாட்டை ஆண்ட இரண்டாம் ஜூபா மன்னன், தன் மருத்துவராகிய யூஃபோர்பஸின் பெயரை ஒரு பாற்செடிக்குச் சூட்டினான். அரபு மருத்துவ நூல்களில் அப்பெயர் ஃபர்பியூன் என வழங்கலாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ் அப்பெயரையே பேரினத்திற்கும் உரியதாக்கினார். ஒரு மருத்துவரின் பெயரைத் தாங்கிய இச்செடிகளை, பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்காவின் பரந்த புல்வெளிகளில் தேடித் திரட்டி, அவற்றின் வேறுபாடுகளை வகுத்துரைத்தவரும் ஒரு மருத்துவரே. அவர்தாம் டாக்டர் ஜார்ஜ் எங்கெல்மன்.

பகலில் நோயாளிகளைப் பார்த்து, எஞ்சிய நேரத்தில் தாவரங்களை ஆராய்ந்த அப்பெரியாரின் வாழ்வை நாம் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

பிறப்பும் கல்வியும்

எங்கெல்மன் 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 2ஆம் நாள் செருமனி நாட்டின் பிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். பதின்மூன்று மக்களுள் அவரே மூத்தவர். தந்தையார் பெண்களுக்கென ஒரு பள்ளியை நடத்தியவர். அக்குடும்பம் கல்வியிற் சிறந்ததாயினும் செல்வத்தில் சிறந்ததன்று. ஆகவே உதவித்தொகை பெற்றே 1827இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் அவரால் சேர முடிந்தது. அலெக்சாண்டர் பிரௌன், கார்ல் ஷிம்பர் முதலியோரின் நட்பு அங்கே வாய்த்தது. செடிகளின் மீது கொண்ட பற்றே அந்நட்பின் அடித்தளம்.

மாணவர்களின் அரசியற் கிளர்ச்சி காரணமாக ஹைடல்பர்க்கை விட்டு நீங்கிய அவர், பெர்லினில் இரண்டாண்டுகள் பயின்றார். பின்னர் வூர்ஸ்பர்க்கில் 1831இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பட்டத்திற்கென அவர் எழுதிய ஆய்வேடு, மருத்துவப் பட்டத்திற்கு உரியதாயினும், தாவரங்களின் உறுப்புகள் இயல்பு திரிந்து தோன்றுவதைப் பற்றியதாக அமைந்தது. அச்சில் வந்த அந்நூல், அப்போது வாழ்வின் இறுதி நாள்களில் இருந்த மகாகவி கதேயின் பார்வைக்குச் சென்றது. தாவர வடிவங்களைப் பற்றித் தாமும் ஒரு நூல் எழுதியிருந்த அக்கவிஞர், இளைஞரின் ஆய்வைக் கண்டு மகிழ்ந்தார் என்பது வரலாறு. 1832 மார்ச்சு மாதத்தில் கதே மறைந்தார். அவ்வாண்டின் செப்டம்பரில் எங்கெல்மன் பிரெமன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்.

கடல் கடந்த பயணம்

அவர் அமெரிக்கா சென்றதன் நேரடிக் காரணம் அறிவுத் தேடல் அன்று. மிசிசிப்பி ஆற்றுப் பகுதியில் நிலத்தில் முதலிட விரும்பிய சிற்றப்பன்மார், நிலங்களைப் பார்த்துவர அவரை அனுப்பினர். பால்டிமோரில் இறங்கிய அவர், ஃபிலடெல்ஃபியாவில் தாமஸ் நட்டல் என்னும் புகழ்பெற்ற தாவரவியலாளரைக் கண்டு அளவளாவினார். பின்னர் இல்லினாய்ஸ் மாநிலத்தில் உறவினர் குடியேறியிருந்த பகுதியை அடைந்தார். குதிரைமீது தனியே ஏறி மூன்றாண்டுகள் மிஸ்ஸூரி, இல்லினாய்ஸ், ஆர்க்கன்சா நிலங்களைச் சுற்றினார். நிலத்தின் விலையை மதிப்பிடப் போனவர், அந்நிலத்தில் வளர்ந்த செடிகளின் மதிப்பை உணர்ந்து திரும்பினார்.

1835இல் செயிண்ட் லூயிஸ் நகரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். கையில் பொருள் இல்லாத தொடக்கம் அது. சில ஆண்டுகளிலேயே நன்மருத்துவர் என்று பெயர் பெற்றார். 1840இல் செருமனி சென்று தம் உறவினரான டொரத்தியா ஹார்ஸ்ட்மன் அம்மையாரை மணந்து திரும்பினார். திரும்பும் வழியில் நியூயார்க்கில் ஆஸா கிரே என்னும் இளம் தாவரவியலாளரைச் சந்தித்தார். பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெரும் பேராசிரியராக விளங்கிய கிரேயும் எங்கெல்மனும் நாற்பதாண்டுகளுக்கும் மேலாகக் கடிதம் எழுதிக்கொண்டனர். கிழக்குக் கடற்கரையில் ஒருவர், மேற்கின் வாயிலில் ஒருவர் என இருவரும் நின்று அமெரிக்கத் தாவரவியலை வளர்த்தனர் எனலாம்.

புல்வெளியும் அதன் மக்களும்

பிரேரி எனப்படும் அப்புல்வெளியைப் பற்றி நாம் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். ஆளுயரம் வளரும் புற்கள் அங்கே கடல்போற் பரந்திருந்தன. இல்லினாய்ஸ் மாநிலத்தில் மட்டும் சுமார் 2 கோடியே 20 இலட்சம் ஏக்கர் நிலம் இத்தகைய புல்வெளியாக இருந்தது. புல்லின் வேர்கள் பல அடி ஆழம் இறங்கி மண்ணை இறுகப் பிணைத்திருந்தமையால் பழைய இரும்புக் கலப்பைகள் அங்கே தோற்றன. 1837இல் ஜான் டீர் என்னும் கொல்லர் எஃகினால் கொழு அமைத்தார். களிமண் ஒட்டாது வழுக்கி விழும் அக்கலப்பையும் அதனைப் போன்றனவும் பெருகியபின் புல்வெளி விரைந்து மறைந்தது.

அந்நிலம் ஆளற்ற நிலமாக இருந்ததில்லை. ஓசேஜ் முதலிய தொல்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து, அதன் செடிகொடிகளையும் பயன்களையும் அறிந்திருந்தனர். மிஸ்ஸூரிப் பகுதியில் ஓசேஜ் மக்களின் நிலம் 1808, 1818, 1825 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் அவர்கள் கையிலிருந்து பறிபோயிற்று. எங்கெல்மன் குதிரையேறி வந்த காலம் அதற்குச் சில ஆண்டுகள் பிற்பட்டது. ஆகவே அவர் கண்டது ஒருமுறை இழப்புக்கு உள்ளாகி, மறுமுறை இழப்புக்குக் காத்திருந்த நிலம் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

தாளில் ஒட்டிய செடி

செடியைப் பறித்து, உறிஞ்சுதாள்களின் இடையே விரித்து, பாரம் ஏற்றி அழுத்தி, ஈரம் வற்றும்வரை தாள்களை மாற்றி, முற்றும் உலர்ந்தபின் தடித்த தாளில் ஒட்டுவர். பறித்த இடம், நாள், நிலத்தின் தன்மை, பறித்தவர் பெயர் ஆகியவற்றை அதன் ஓரத்தில் எழுதி ஒட்டுவர். இத்தகைய தாள்களை வரிசைப்படுத்தி வைக்கும் நிலையமே ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகம். பூச்சியும் ஈரமும் அணுகாமற் காத்தால் ஒரு தாள் பல நூற்றாண்டுகள் நிலைக்கும்.

லூயிஸ், கிளார்க் ஆகியோரின் தலைமையில் பசிபிக் கடல்வரை சென்று திரும்பிய ஆய்வுக் குழுவை நம்மில் பலர் வரலாற்று நூல்களில் படித்திருப்போம். அக்குழுவினர் 1806 சூலை 28 அன்று யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் ஒரு பாற்செடியைப் பறித்தனர். இலையின் விளிம்பெல்லாம் பனி படிந்தாற்போல வெண்மையாக விளங்கும் அச்செடிக்கு யூஃபோர்பியா மார்ஜினேட்டா எனப் பின்னர் பெயரிட்டனர். அன்று பறித்த செடி ஃபிலடெல்ஃபியாவில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பறித்தவர்கள் மறைந்து இரு நூற்றாண்டுகள் ஆகப் போகின்றன; செடியோ தன் நாளும் இடமும் கூறிக்கொண்டு நிற்கிறது.

பாற்செடிகளைச் சேகரிப்பது எளிதன்று. வடியும் பால் தாளில் ஒட்டிக்கொள்ளும். உலரும்போது இலைகள் கழன்று விழும். முற்றிய காய் வெடித்து விதைகளைச் சிதறடிக்கும். ஆகவே அவற்றைத் தனியே காகித உறையில் இட்டு வைத்தல் வேண்டும். மலர் என நாம் எண்ணுவதும் ஒரு மலர் அன்று. சிறு கிண்ணம் போன்ற அமைப்பினுள் நடுவே ஒரு பெண்பூவும் அதனைச் சூழ ஒற்றை மகரந்தத் தாளே உடைய ஆண்பூக்கள் பலவும் இருக்கும். கிண்ணத்தின் விளிம்பில் உள்ள சுரப்பிகளும் அவற்றின் வெண்ணிற ஓரங்களுமே இதழ்போலத் தோன்றி மயக்கும். தரையோடு படரும் இனங்களைப் பிரித்தறிவது இன்னும் கடினம். தண்டின் மயிர், இலையடிச் செதில், விதையின் மேற்பரப்பில் உள்ள வரிகள் ஆகியவற்றை உருப்பெருக்கியின் கீழ்க் கண்டே ஒன்றை மற்றொன்றினின்று வேறுபடுத்த முடியும்.

பிறர் ஒதுக்கிய இத்தகைய கடினமான செடிகளையே எங்கெல்மன் விரும்பி எடுத்துக்கொண்டார். 1842இல் வட அமெரிக்காவின் கஸ்கூட்டா இனங்களைப் பற்றி, அதாவது இலையும் வேருமின்றி மற்றச் செடிகளைப் பற்றி உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணிக் கொடிகளைப் பற்றி, அவர் வெளியிட்ட ஆய்வு அறிஞர் உலகில் அவரை நிலைநிறுத்தியது. கற்றாழை போன்ற யூக்கா, முள் நிறைந்த சப்பாத்தி இனங்கள், ஓக், ஊசியிலை மரங்கள், காட்டுத் திராட்சை என அவர் எடுத்துக்கொண்டவை யாவும் உலர்த்துவதற்கோ வகுப்பதற்கோ அரியவை. அமெரிக்க மெக்சிகோ எல்லை அளவாய்வின் அறிக்கை 1859இல் வெளிவந்தபோது அதில் சப்பாத்தி இனங்களை விளக்கியவர் அவரே. யூஃபோர்பியா இனங்களையும் அவரே வகுத்தார்.

மணற்பாங்கான புல்வெளிகளில் தரையோடு படரும் ஒரு பாற்செடிக்கு 1845இல் யூஃபோர்பியா கையெரி என்னும் பெயர் வழங்கப்பட்டது. அப்பெயரில் விளங்குபவர் கார்ல் கையர் என்னும் செருமானியச் சேகரிப்பாளர். செடியைத் தேடிக் காடு மேடு அலைந்த எளிய தொழிலாளியின் பெயர் அச்செடி உள்ளளவும் வழங்கும்படி செய்தது எங்கெல்மனின் நன்றியுணர்வைக் காட்டுகிறது.

சேகரிப்பாளர்க்குத் துணை

மருத்துவத் தொழிலை விட்டு நெடுந்தொலைவு செல்ல எங்கெல்மனால் இயலவில்லை. ஆகவே செல்லக்கூடியவர்களை அவர் ஆளாக்கினார். மேற்கு நோக்கிய பயணங்கள் தொடங்கும் நகரம் செயிண்ட் லூயிஸ். புறப்படுவோர்க்குத் தாளும் கருவியும் தந்தார். எதனை எப்படிப் பறிப்பது என்று கற்பித்தார். கொண்டுவந்தவற்றை ஆராய்ந்து பெயரிட்டார். மிகுந்த படிகளை விற்று அவர்களுக்குப் பொருளீட்டவும் வழி செய்தார்.

ஃபெர்டினாண்ட் லிண்ட்ஹைமர் 1843 முதல் டெக்சாஸ் நிலத்தில் கிரேக்கும் எங்கெல்மனுக்குமாகச் செடிகளைத் திரட்டினார். அகஸ்டஸ் ஃபெண்ட்லர் 1846, 1847 ஆண்டுகளில் சாந்தா ஃபே பகுதிக்குச் சென்றார். எங்கெல்மனோடு மருத்துவம் செய்த அடோல்ஃப் விஸ்லிசெனஸ் 1846இல் மெக்சிகோ சென்றபோது போர் மூண்டது. அவரை அங்குள்ளவர்கள் தடுத்து வைத்தனர். அந்நிலையிலும் அவர் சுற்றுப்புறத்துச் செடிகளைச் சேகரித்துவந்தார். 1848இல் வெளியான அவருடைய பயண நூலுக்குத் தாவரவியற் பகுதியை எழுதித் தந்தவர் எங்கெல்மனே.

ஷாவின் செல்வமும் எங்கெல்மனின் அறிவும்

அந்நகரில் ஹென்றி ஷா என்னும் வணிகர் இருந்தார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலிருந்து வந்து, இரும்புச் சாமான் வாணிகத்தில் பெரும் பொருள் ஈட்டி, நாற்பது வயதளவில் தொழிலினின்று ஓய்வு பெற்றவர். தாம் ஈட்டிய பொருளைக் கொண்டு மக்களுக்காக ஓர் அழகிய பூந்தோட்டம் அமைக்க எண்ணினார். அத்தோட்டத்தில் நூலகமும் உலர்தாவரக் காப்பகமும் இருந்தாலன்றி அது வெறும் காட்சிப்பொருளாகவே நின்றுவிடும் என்பதை எங்கெல்மன் அவருக்கு எடுத்துரைத்தார். லண்டன் கியூ தோட்டத்தின் வில்லியம் ஹூக்கரும் இதனை வலியுறுத்தினார்.

1856 முதல் ஐரோப்பாவில் பயணம் செய்த எங்கெல்மன், எர்ஃபர்ட் நகரில் வாழ்ந்து மறைந்த பேராசிரியர் பெர்ன்ஹார்டியின் பெரும் தொகுப்பை ஷாவின் பொருட்டு விலைக்கு வாங்கினார். பல்லாயிரம் உலர்செடிகளைக் கொண்ட அத்தொகுப்பே 1859இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட மிஸ்ஸூரித் தாவரவியல் தோட்டத்தின் காப்பகத்திற்கு அடித்தளமாயிற்று. செல்வர் ஒருவரின் கொடையும் அறிஞர் ஒருவரின் நெறிப்படுத்தலும் ஒன்றுகூடினால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. கல்வி நிலையங்களை நிறுவும் பெரியோர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

1856இல் செயிண்ட் லூயிஸ் அறிவியற் கழகம் தோன்றியபோது எங்கெல்மனே அதன் முதல் தலைவரானார். 1836 முதல் தம் இறுதிக்காலம் வரை, ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகள், அந்நகரின் வானிலையையும் அவர் குறித்து வந்தார். ஒருநாட் குறிப்பால் பயனில்லை. ஐம்பதாண்டுக் குறிப்பே காலநிலையைக் காட்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

காப்பகத்தால் விளைந்த பயன்

உலர்ந்த செடிகளை அடுக்கி வைப்பதால் உலகுக்கு யாது பயன் எனக் கேட்போர் அக்காலத்தும் இருந்திருப்பர். அதற்கு 1870களில் விடை கிடைத்தது. பிரான்சு நாட்டின் திராட்சைத் தோட்டங்களை ஃபில்லோக்செரா என்னும் நுண்பூச்சி அழிக்கத் தொடங்கியது. வேரைத் தாக்கும் அப்பூச்சி அமெரிக்காவிலிருந்து சென்றது. அதனோடு பழகி வளர்ந்த அமெரிக்கக் காட்டுத் திராட்சைகள் அதனைத் தாங்கி நின்றன. 1873இல் பிரெஞ்சு அறிஞர் பிளான்ஷோன் அமெரிக்கா வந்தார். எந்தக் காட்டுத் திராட்சை எதனோடு கலப்புற்றது, எது தூய இனம் என்பதை நெடுங்காலம் ஆராய்ந்து வைத்திருந்த எங்கெல்மனின் அறிவு அப்போது கைகொடுத்தது. மிஸ்ஸூரி மாநிலப் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலியும் உடனுழைத்தார். அமெரிக்க வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டும் முறையால் அந்நாட்டு உழவர்களின் பிழைப்பு காக்கப்பட்டது. பயன் கருதாது செய்த ஆய்வு, எதிர்பாராத நாளில் ஒரு நாட்டுக்கே உதவியது.

இறுதி நாள்கள்

1879 சனவரியில் அவர் மனைவியார் காலமானார். அப்பிரிவு அவரைப் பெரிதும் வாட்டியது. எனினும் 1880இல், தம் எழுபத்தோராம் வயதில், சார்லஸ் சார்ஜென்ட், சார்லஸ் பாரி ஆகியோருடன் பசிபிக் கடற்கரைக் காடுகளைக் காணச் சென்றார். இளமையில் பிறரை அனுப்பிச் செடிகளைப் பெற்றவர், முதுமையில் அச்செடிகளை அவை வாழும் நிலத்திலேயே கண்டு மகிழ்ந்தார். 1884 பிப்ரவரி 4ஆம் நாள் செயிண்ட் லூயிஸில் அவர் உயிர் நீத்தார்.

அவர் விட்டுச் சென்ற உலர்தாவரங்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம். குறிப்புகளும் வரைபடங்களும் அறுபது தொகுதிகளாகக் கட்டப்பட்டன. அவருடைய மைந்தர் மருத்துவர் ஜார்ஜ் ஜூலியஸ் எங்கெல்மன் அவற்றைத் தோட்டத்திற்கு வழங்கினார். கட்டுரைகளனைத்தும் ஷாவின் பொருட்செலவில் 1887இல் ஒரே நூலாக வெளிவந்தன. அன்று தொடங்கிய காப்பகம் இன்று அறுபத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட செடிகளைக் கொண்டு உலகின் பெருங்காப்பகங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

எஞ்சிய நிலமும் நம் கடமையும்

இனி அப்புல்வெளியின் நிலையைக் காண்போம். இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1978இல் முடிவுற்ற கணக்கெடுப்பின்படி, பழைய தன்மை கெடாத புல்வெளி சுமார் 2,300 ஏக்கர் அளவே எஞ்சியது. பழைய இடுகாடுகளிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் கலப்பை புகாத சிறு துண்டுகளாக அது பிழைத்திருந்தது. எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சிகள் பல மாநிலங்களில் நடைபெறுகின்றன. கேன்சஸ் மாநிலத்தில் 1996இல் சுமார் 11,000 ஏக்கர் நிலம் தேசியப் புல்வெளிக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. மிஸ்ஸூரித் தோட்டமும் 1925இல் நகருக்கு வெளியே வாங்கிய நிலத்தில் ஒரு பகுதியைப் புல்வெளியாக மீட்டு வளர்த்துள்ளது. வெண்பூப்போல் விளங்கும் யூஃபோர்பியா கொரொல்லாட்டா இத்தகைய இடங்களில் கோடைதோறும் மலர்கிறது.

காக்கப்பட்ட நிலத்தில் எவரும் விரும்பியவாறு செடி பறித்தல் இயலாது. உரிய இசைவு பெற்று, செடிகளின் எண்ணிக்கையைக் கண்டறிந்து, இனம் குன்றாத அளவுக்கே பறித்தல் வேண்டும். அங்ஙனம் பறித்த ஒரு செடி, தவறான செடியை வேரறுக்காமற் காக்கவும் உதவுகிறது. ஏனெனில் ஐரோப்பா, ஆசியப் பகுதிகளிலிருந்து சென்ற வேறொரு பாற்செடி, 1827இல் மாசசூசெட்ஸில் காணப்பட்டு, பின்னர் மேற்கே பரவி, இலட்சக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலத்தைப் பாழ்படுத்தியது. மண்ணுக்குரிய பாற்செடி எது, வந்தேறிய பாற்செடி எது என்பதற்குக் காப்பகத்தின் பழைய தாள்களே சான்று. எங்கே எது வளர்ந்தது என்பதை அறியாமல் அழிந்த புல்வெளியை மீண்டும் வளர்த்தலும் இயலாது.

இதற்கு மாறான பயணமும் உண்டு. நம் வரப்போரத்து அம்மான் பச்சரிசி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியில் தோன்றி நம் நாட்டுக்கு வந்தது என்பது தாவரவியலார் முடிபு. வந்த செடி நம் மருத்துவத்தில் இடம்பெற்று நம்முடையதாகவே ஆகிவிட்டது. ஆயினும் அது எந்த ஆண்டில் எந்த ஊரில் முளைத்தது என்னும் கதையைக் கூற வல்லவை, அதனைப் பறித்து நாளும் ஊரும் எழுதி வைத்த தாள்களே.

எங்கெல்மன் புல்வெளியைக் கலப்பையினின்று காக்கவில்லை. காக்கும் ஆற்றலும் அவருக்கு இல்லை. அங்கு வாழ்ந்தது இன்னது என்பதற்குரிய சான்றை அவர் காத்தார். பின் வந்தோர் எஞ்சிய நிலத்தைக் காக்க முனைந்தபோது அச்சான்று ஆயத்தமாக இருந்தது. நம் ஊர்ப் புறம்போக்குகளும் ஏரிக்கரைகளும் மேய்ச்சற்காடுகளும் நம் கண்முன்னே குறைந்து வருகின்றன. அங்கே வளரும் செடிகளின் பெயர்களை முதியோரிடம் கேட்டறிந்து, ஒரு படியைப் பறித்து உலர்த்தி, ஊரும் நாளும் எழுதி வைக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பழைய செய்தித்தாளும் பாரம் வைக்கப் பலகையும் போதும். தாவரவியல் மாணவர் செடியைத் தரட்டும். தமிழ் மாணவர் அதன் பெயரையும் வழக்கையும் தரட்டும். இப்பணியைக் கல்லூரிதோறும் தொடங்குதல் அம்மருத்துவர்க்கு நாம் செய்யும் உண்மையான நினைவுச் சிறப்பாகும்.